முப்பிடாதிக்கு எதிரே இருந்த பூஜ்யம்

ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே இருந்த பூஜ்யத்தை நான் இரண்டு என்று மாற்றினேன். யாரும் மாற்றச் சொல்லவில்லை. விசைப்பலகையில் ஒரே ஒரு தட்டு. அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. இளமையில் செய்த பிழை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அந்த ஒரு தட்டினால் அவள் பதினைந்து வருடத்துக்கு மேல் தினமும் உச்சி நேரத்தில் ஓர் அறைக்குள் பூட்டப்பட்டாள். அது எனக்குத் தெரியவந்தது நான் ஓய்வு பெற்றபிறகு.

இந்த வருடம் மரபணுப் புள்ளியியல் துறைக்கு வந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டார்கள். பல அனுபவங்கள் உண்டு. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் எல்லாமே பொய்யாகிவிடும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவள் பெயரை முப்பிடாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் தொழிலின் குடும்பக் கோப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஓர் ஆளுக்கு ஒரு வரி. அப்பா யார், அம்மா யார், ஆணா பெண்ணா, நோய் உண்டா. நோய் இல்லாதவருக்கு ஒன்று, உள்ளவருக்கு இரண்டு, தெரியாவிட்டால் பூஜ்யம். இந்தப் பூஜ்யத்தை அடைக்கவேண்டிய ஓட்டை என்று நினைக்கும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. எனக்கும் இருந்தது.

நாங்கள் செய்த ஆய்வு, மனநோய் குடும்பங்களுக்குள் எப்படி இறங்கி வருகிறது என்பது. ஒரே ஒரு மரபணுவைப் பிடித்து இதுதான் காரணம் என்று சொல்லக்கூடிய நோய் அல்ல அது. சின்னச் சின்ன மரபணுக்கள் பல. அவற்றோடு வீடு, வறுமை, பட்ட அடி எல்லாம் சேர்ந்து ஓர் அளவைத் தாண்டும்போது நோயாக வெளியே தெரியும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நூற்றுக்கணக்கான மனிதர்களை வரைபடத்தில் கொண்டுவர வேண்டும். களக்காட்டிலிருந்து முக்கூடல் வரை ஆற்றின் இரண்டு பக்கமும் ஊர் ஊராகப் போனோம். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்கிற ஊர்கள் என்பதால் வரைபடம் முழுக்க இரட்டைக் கோடுகள்.

களப்பணிக்குத் தலைமையாக இருந்தவர் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு செவிலியர். ஊர்களில் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ஒருமுறை கோப்பில் ஒரு தாய்க்கு இரண்டு மகன்கள், நான்கு மாத இடைவெளியில் பிறந்தவர்கள் என்று வந்திருந்தது. நானும் கணினியும் அதைக் கண்டுகொள்ளவில்லை. சிஸ்டர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “நாலு மாசத்துல ரெண்டு பிள்ள பெத்த மகராசி ஆரு சார்? அவுங்களத்தான் மொதல்ல ஆராய்ச்சி பண்ணணும்” என்றார். பெரியப்பா மகனும் அண்ணன்தான் நம் ஊரில். கணக்கெடுத்த பையன் ‘அண்ணன்’ என்று கேட்டதை ‘ஒரே தாய் மகன்’ என்று எழுதிவிட்டான். அன்றிலிருந்து, “ஒரே வயித்துப் பிள்ளையளா?” என்று கேட்டபிறகுதான் எழுதவேண்டும் என்று விதி வைத்தோம். நம் ஊர் வழக்கம் நம் கணக்கைக் கெடுக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் அதுதான். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

முப்பிடாதியின் வீடு முக்கூடலுக்கு அந்தப் பக்கம், ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்குகிற ஒரு தெருவில் இருந்தது. பீடி சுற்றும் குடும்பம். நோய் அந்தக் குடும்பத்தில் உண்மையாகவே இருந்தது. சித்தப்பா பல வருடம் ஆஸ்பத்திரியில் இருந்தவர். அத்தை ஒருத்தி சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயரும் முப்பிடாதி. அவர் ஒருநாள் உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருக்கும்போது, “இந்தா வாரேன்” என்று யாருக்கோ பதில் சொல்லிவிட்டு எழுந்து வாசலைத் தாண்டிப் போயிருக்கிறார். கூப்பிட்ட சத்தம் வீட்டில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. மறுநாள் இரண்டு ஊர் தள்ளி ஆற்றில் கிடைத்தார். என் அறைச் சுவரில் அந்தக் குடும்பத்தின் வரைபடம் ஒட்டியிருந்தது. பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குக் கட்டம், நோயுள்ளவர்கள் கறுப்பு. மேலே ஒரு கறுத்த வட்டம், அதன் கீழே எழுதிய பெயர். நான்கு விரற்கடை கீழே அதே பெயர், வெறும் வட்டம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண் அங்கேயே போகும்.

சிஸ்டர்தான் அவளைப் பேட்டி கண்டார். இருபத்து மூன்று வயது. அத்தான் ஒருவருக்குப் பேசி வைத்திருந்தார்கள். ஆள் இல்லாத நேரத்தில் உன் பேரைக் கூப்பிடுகிற மாதிரி கேட்டிருக்கிறதா என்பது எங்கள் கேள்வித்தாளில் உள்ள கேள்வி. அதற்கு அவள் சொன்ன பதிலை சிஸ்டர் வந்து அப்படியே ஒப்பித்தார்:

“கேக்கும்னு சொன்னா ஒண்ணு எழுதுவிய. கேக்காதுன்னா பொய் சொல்லுதான்னு எழுதுவிய. எனக்கு எதுக்கு அந்தச் சோலி? நீங்க காப்பியக் குடிங்க சிஸ்டர்.”

“அப்போ என்ன எழுதினீங்க?” என்றேன்.

“பூஜ்யம். சொல்லலன்னா தெரியலன்னுதான சார் அர்த்தம்.”

பிறகு வயதைச் சரிபார்க்க அவர்களுடைய குடும்ப அட்டையை நகலெடுக்க வாங்கி வந்திருந்தோம். அதைத் திருப்பிக் கொடுக்க ஒருநாள் நானே போனேன். ஜீப்பை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி நடந்தேன். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கரண்ட் இல்லை. வழக்கமாக அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு டி.வி. சத்தம் கேட்கும், அன்று ஒன்றும் இல்லை. வெயில் நேர் மேலே நின்றதால் எனக்கு நிழலே இல்லை. தெரு முடிகிற இடத்தில் ஆறு கண்ணைக் கூசும்படி வெள்ளையாகக் கிடந்தது.

கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. நான் தெருவிலிருந்து “முப்பிடாதி!” என்று கூப்பிட்டேன்.

ஜன்னல் வழியாக அவள் பாதி தெரிந்தாள். தரையில் மடியில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். என் குரல் கேட்டதும் கை நின்றது. ஆனால் திரும்பவில்லை. பதிலும் சொல்லவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். வலது கையின் சுண்டுவிரல் மட்டும் மெதுவாக மடங்கியது.

கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை கூப்பிட்டேன். இன்னொரு விரல் மடங்கியது. அவள் பார்வை எதிர்ச்சுவரில் இருந்தது. உதடு அசைந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு எதற்கோ காத்திருந்தாள். அது நானல்ல என்று எனக்குத் தோன்றியது. எனக்கும் அவளுக்கும் நடுவே வேறு யாரோ பேசிக்கொண்டிருப்பதுபோலவும், அவள் அதைக் கேட்பதற்காக என்னை ஒதுக்கி வைத்திருப்பதுபோலவும் இருந்தது.

நான் மறுபடி கூப்பிடவில்லை. செருப்புச் சத்தம் கேட்காமல் பைய வந்துவிட்டேன். அட்டையை சிஸ்டரிடம் கொடுத்து, “வீடு பூட்டியிருக்கு. நீங்க போகும்போது கொடுத்துருங்க” என்றேன். பயந்து திரும்பி வந்ததைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் அந்தச் சின்னப் பொய். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பொய்யும் ஒரு காரணம்.

அந்த வாரம்தான் நிதி கொடுத்தவர்களின் குழு வருவதாக இருந்தது. எங்கள் முடிவு, நம் துறையில் வழக்கமாக ஒப்புக்கொள்ளும் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. அந்தக் கோட்டை யாரோ ஒரு காலத்தில் வசதிக்காகப் போட்டார்கள், அதில் புனிதம் ஒன்றும் இல்லை என்று இப்போது உங்களிடம் சொல்வேன். அன்று அது எனக்குச் சுவர். கோட்டைத் தாண்டாவிட்டால் ஆய்வு நின்றுபோகும், சிஸ்டர் உட்படக் களப்பணியாளர்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போகவேண்டும். என் மனசாட்சிக்கு நான் சொன்ன காரணம் இது. சொல்லாத காரணமும் உண்டு: கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது.

எங்கள் கணக்கில் முப்பிடாதியின் குடும்பத்துக்குத்தான் எடை அதிகம். அதில் ஒரு வட்டம் கறுத்தால் போதும். என் கண்ணால் பார்த்ததாக ஒரு குறிப்பு எழுதினேன்: ‘பெயர் சொல்லி அழைத்தால் பதில் இல்லை. வேறு எதையோ கேட்பதுபோல் தலையைச் சாய்க்கிறார். உதடு அசைகிறது. விரல்களால் எண்ணுகிறார்.’ ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. எங்கள் குழுவின் மருத்துவரிடம் நீட்டினேன். அவருக்கு வெளியே நோயாளிகள் வரிசையில் நின்றார்கள்.

“நான் பார்க்க வேண்டாமா?” என்றார்.

“நான் பார்த்தேனே” என்றேன்.

கையெழுத்துப் போட்டார். நான் மருத்துவன் அல்ல, புள்ளியியல் படித்தவன். அதை அவர் மறந்தார். மறக்கும்படி நான் பேசினேன். அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பூஜ்யம் இரண்டாயிற்று. முடிவு கோட்டைத் தாண்டியது. சுவரில் இருந்த படத்தில் நானே மை தீட்டினேன். மேலும் கீழும் ஒரே பெயர், இரண்டும் கறுப்பு. பொருத்தமாக இருப்பதாகத்தான் நினைத்தேன்.

ஆய்வில் புதிதாக நோய் கண்டவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்பது எங்கள் விதி. நல்ல விதி. அவள் வீட்டுக்கும் கடிதம் போயிற்று. அதற்குப் பிறகு நான் அவளை நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பல வருடம் நினைத்தேன், பெருமையாக. பயிற்சி வகுப்புகளில் ‘கவனிப்பு’ என்ற பாடம் வரும்போதெல்லாம் அந்த ஜன்னலையும் மடங்கிய விரல்களையும் சொல்லுவேன். கேள்வித்தாளுக்குச் சிக்காததைக் கண் பிடித்துவிடும் என்று முடிப்பேன். நன்றாக எடுபடும் கதை.

ஓய்வுக்குப் பிறகும் வகுப்பெடுக்க என்னைக் கூப்பிடுவார்கள். அப்படி நான் கடைசியாக எடுத்த வகுப்பில், களக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி கையைத் தூக்கினார். உங்களில் சிலருக்கு அவரைத் தெரியும்.

“சார், அவங்க எண்ணிக்கிட்டு இருந்திருப்பாங்க.”

“எதை?”

“நீங்க கூப்பிட்டதைத்தான். எங்க ஊர்லயும் அப்படித்தான் சார். உச்சி நேரத்துல வெளியில இருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டா ஒடனே பேசக் கூடாது. மூணாவது தடவைக்குத்தான் ‘என்ன’ங்கணும். மத்தது கூப்பிட்டா ரெண்டோட நின்னுரும்னு எங்கம்மா சொல்லுவா.”

ஆற்றங்கரை ஊர்களில் ‘மத்தது’ என்றால் மனிதர் அல்லாதது. பெயர் சொல்ல மாட்டார்கள். பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்துத் தெருவில் வளர்ந்த எனக்கு அந்தச் சொல் தெரியும். இந்தக் கணக்குத் தெரியாது.

“ஆமா, நீங்க மூணாவது தடவ கூப்பிட்டீங்களா சார்?” என்று அவர் கேட்டார். வகுப்பு சிரித்தது. நான் பலகைப் பக்கம் திரும்பி, அழிக்க ஒன்றும் இல்லாத இடத்தை அழித்தேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் மதியம் வீட்டில் தனியாக இருந்தேன். தெருவிலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கவில்லை. குனிந்து பார்த்தேன், என் சுண்டுவிரல் மடங்கியிருந்தது. அடுத்த சத்தம் வரவில்லை. வெளியே போய்ப் பார்த்தபோது தெருவில் ஆள் இல்லை. கூரியர்க்காரர் வீட்டு எண் தெரியாமல் அடுத்த தெருவுக்குப் போயிருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

மறுநாள் சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “வீடு பூட்டிக்கெடக்குன்னு சொன்னியளே சார்” என்றார். அது ஒன்றுதான் அவரை அடித்தது போலிருந்தது. பிறகு அவராகவே சொன்னார்.

“அந்தப் பிள்ள வீட்டுக்கு நான் வருசத்துக்கு ஒரு தடவ போவேன். அவுக என்ன சொன்னாகன்னு தெரியுமா? ஒருநா உச்சி வெயில்ல மத்தது வந்து ஜன்னல்கிட்ட நின்னு ரெண்டு தடவ கூப்பிட்டுட்டுப் போச்சாம். எட்டிப் பாத்தா தெருவுல ஈ காக்கா இல்லையாம். ஆச்சியக் கூப்பிட்ட மாதிரியே பேத்தியயும் கூப்பிட்டுட்டுன்னு வீடே அழுதிருக்கு. அந்த வாரமே ஆஸ்பத்திரிக் கடுதாசியும் போயிருக்கு. அதுக்கு மேல ஆரு சந்தேகப்படுவா? கல்யாணம் நின்னு போச்சு. அன்னையில இருந்து உச்சி நேரத்துல அவள உள் ரூம்புல வச்சுப் பூட்டுதாவ. ஆத்துப் பக்கம் போயிருவான்னு பயம். ஒருமணி நேரம், வெயில் சாயுத வரைக்கும்.”

“இப்பவுமா?”

“இன்னைக்கும் பூட்டியிருப்பாவ சார்.”

அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேரும் போனோம். தெரு சிமெண்ட் போட்டிருந்தது. வீடு அதே வீடு. முப்பிடாதியின் அண்ணன் சுடலைமுத்து சேர் எடுத்துப் போட்டார். அவர் மனைவி சிஸ்டரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். முப்பிடாதி வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். நாற்பது வயது. மாத்திரையால் உடம்பு கனத்திருந்தது. விரல்கள் சன்னமாக நடுங்கின. பீடி சுற்றுவது நின்று வருடங்கள் ஆயிற்று என்று பிறகு தெரிந்தது. இலை விரலில் நிற்பதில்லை.

நான் பொதுவாகத் தொடங்கினேன். ஆய்வு, குறிப்பு, தவறு என்று என்னென்னவோ சொன்னேன். சிஸ்டர் குறுக்கிட்டு, “சார், தமிழ்ல சொல்லுங்க” என்றார். நான் சொன்னது தமிழ்தான். ஆனால் அவர் சொன்னது சரி.

“அன்னைக்கு ஜன்னலுக்கு வெளிய நின்னு ரெண்டு தடவ கூப்பிட்டது நான்தாம்மா” என்றேன்.

பின்பக்கம் ஆடு ஒன்று கத்தியது. முப்பிடாதி என்னைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“மூணாவது ஏன் கூப்பிடல?”

“பயந்துட்டேன்.”

“என்னப் பாத்தா?”

“ஆமா.”

அவள் சிரித்துவிட்டாள். “நான் ஒங்களுக்குப் பயந்து வெரலு மடக்கிக்கிட்டுக் கெடக்கேன். நீங்க எனக்குப் பயந்து ஓடியிருக்கிய. நல்ல கூத்து போங்க.” பிறகு சிரிப்பு நின்றது. “பெரியாஸ்பத்திரியில டாக்டர் கேட்டாரு, பேரச் சொல்லிக் கூப்பிட்டுதான்னு. ஆமான்னேன். எத்தன தடவன்னாரு. ரெண்டுன்னேன். ஆளு நின்னுதான்னாரு. இல்லன்னேன். நான் பொய்யா சொன்னேன்?”

நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறாள். அதையே நோயின் அடையாளமாக எழுதிக்கொண்டார்கள். அந்த மருத்துவரை நான் குறை சொல்ல முடியாது. மேசைமேல் என் இரண்டு ஏற்கெனவே போய் உட்கார்ந்திருந்தது.

அண்ணன் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. “மதினி சொல்லுததக் கேளு. அன்னைக்கி நான் அடுப்பங்கரையில இருந்தேன். எங்காதுல விழுந்தது பொம்பளக் குரல்லா. சார் பெரிய மனுசரு, ஒன்ன சமாதானப்படுத்தணும்னு சொல்லுதாவ.”

“பொம்பளக் குரலா?” என்றார் சுடலைமுத்து. “நீ எங்கிட்ட அப்பிடிச் சொல்லலியே.”

“சொன்னேன். நீரு எதக் காதுல வாங்கினீரு?”

முப்பிடாதி எழுந்துவிட்டாள். “சார், நீங்க வெளிய போங்க. அன்னைக்கி நின்ன எடத்துல நின்னு கூப்பிடுங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

சுடலைமுத்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பூட்டுகிற நேரம் ஆகியிருந்தது. சாவி அவர் மடியில் இருந்தது. “இப்பமா? சாயங்காலமாக் கூப்பிடட்டும் பிள்ள.”

“இப்பந்தான்.”

போய் நின்றேன். அன்று நின்ற இடம் எது என்று சரியாகத் தெரியவில்லை. ஜன்னலுக்கு எதிரே, கொஞ்சம் இடதுபக்கம் என்று நினைவு. வெயில் அன்றுபோல உச்சியில் நின்றது. எதிர்வீட்டில் ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டார். “முப்பிடாதி” என்று கூப்பிட்டேன். கிழட்டுக் குரல். தெருவில் இறங்கி ஆற்றுப்பக்கம் போயிற்று. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஜன்னலில் நான்கு முகங்கள் தெரிந்தன, ஒன்றும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாம் காதாக இருந்தன. எனக்கு அடுத்த தடவை வாயைத் திறக்க முடியவில்லை. நான் வாயைத் திறக்குமுன் அது வேறெங்கிருந்தாவது வந்துவிடுமோ என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

கதவு திறந்தது. முப்பிடாதி படியிறங்கி வெயிலுக்குள் வந்தாள்.

“ஏட்டி, ரெண்டுதான ஆச்சு!” என்று சுடலைமுத்து உள்ளேயிருந்து அலறினார்.

“கூப்பிடுதது ஆருன்னு தெரிஞ்ச பெறவு எதுக்குண்ணே எண்ணணும்?”

மதினி வாசலில் நின்று தலையை ஆட்டினார். “இது இல்ல. இந்தக் குரலு இல்லவே இல்ல.”

“இதேதான்” என்றாள் முப்பிடாதி, திரும்பிப் பார்க்காமல். “எனக்குத் தெரியாதா? அன்னைக்கிக் கேட்டது இதேதான்.”

சுடலைமுத்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று அவர் பூட்டவில்லை. சாவியை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது முப்பிடாதி தெருமுனை வரை எங்களோடு வந்தாள். சிஸ்டர் கொஞ்சம் முன்னால் நடந்தார். அப்போது அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “சார், நெசமாச் சொல்லுதேன். எனக்குக் குரலு ஞாபகமில்ல. எத்தன வருசம் ஆச்சு. மாத்திர தின்னு எல்லாம் மறந்துட்டு. ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல.”

நான் நின்றுவிட்டேன்.

“ஆனா எனக்குப் பூட்டு வேண்டாம்” என்றாள்.

என் அனுபவத்திலிருந்து உங்களுக்குத் தரக்கூடியது இது ஒன்றுதான். அவளுக்கு நோய் இருந்ததா, இருக்கிறதா என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்று அந்தத் தெருவில் என்னைத் தவிர வேறு யாரும் கூப்பிட்டார்களா என்பதும் தெரியாது. குற்றம் முழுக்க என்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் நிம்மதிகூட எனக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. உங்கள் முன்னால் ஒரு வெற்றுக் கட்டம் இருந்து, அதை நிரப்பக் கை துடிக்கும்போது, அந்தத் துடிப்பு யாருடைய தேவை என்று கேளுங்கள். கட்டத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு அந்தத் தேவை இருக்காது.

செய்ததைச் சொல்லிவிடுகிறேன். கோப்பில் முப்பிடாதியின் இரண்டைப் பூஜ்யமாக்கி மறுபடி கணக்குப் போட்டேன். முடிவு நிற்கவில்லை. கட்டுரை வெளியான இதழுக்கு நடந்ததை எழுதினேன்; திருத்தம் வந்தது, சின்ன எழுத்தில். கூட எழுதியவர்களில் ஒருவர் மட்டும் தொலைபேசியில் பேசினார். “வயசான காலத்துல ஒமக்கு எதுக்குவே இது? யாரு கேட்டா?” என்றார். கையெழுத்துப் போட்ட மருத்துவர் காலமாகிவிட்டார். இங்கே வகுப்பெடுக்க என்னை இனிக் கூப்பிட வேண்டாம் என்று நானே துறைக்குச் சொன்னேன். அவர்கள் மறுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். அதை முதலில் முப்பிடாதிக்கும் அண்ணனுக்கும் வாசித்துக் காட்டினேன். ‘அவருக்கு நோய் இல்லை’ என்று எழுதச் சொல்லி சுடலைமுத்து கெஞ்சினார். அப்படி எழுத முடியாது, எனக்குத் தெரியாது என்பதைத்தான் எழுத முடியும் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. “அன்னைக்கித் தெரியாமலே எழுதினியல்லா? இன்னைக்கி எழுதுததுக்கு என்ன?” என்றார். எழுதியிருந்தபடியே கையெழுத்துப் போட்டேன்.

இப்போதுள்ள டாக்டர் பெண். கடிதத்தை இரண்டு முறை படித்தார். மாத்திரையைத் திடீரென்று நிறுத்த முடியாது, மாதாமாதம் குறைத்துப் பார்க்கலாம், குடும்பத்தில் நோய் இருப்பதால் கவனமாக இருக்கவேண்டும் என்றார். ஒவ்வொரு தடவையும் நானும் கூடப் போகிறேன். முதல் இரண்டு மாதம் அவளுக்குத் தூக்கம் இல்லை. ஒருநாள் நாள் முழுக்க அழுதாள். மதினி எனக்குப் போன் போட்டு ஏசினார். பிறகு கை நடுக்கம் குறைந்தது. அறைக்குப் பூட்டுப் போடுவதில்லை; ஆனால் உச்சி நேரத்தில் மதினி வேலையைப் போட்டுவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை, முப்பிடாதி உட்பட.

போன மாதம் போனபோது காலை எட்டு மணிக்கு டோக்கன் வாங்கினோம். உள்ளே கூப்பிடும்போது பன்னிரண்டரை. டாக்டர் அட்டையைப் புரட்டிக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“குரல் ஏதாவது கேக்குதாம்மா?”

“கேக்குது டாக்டர்” என்றாள் முப்பிடாதி. நான் சட்டென்று அவள் பக்கம் திரும்பினேன். “காலையில இருந்து ஒங்க நர்சு குரல்தான் கேக்குது. இரு, இருன்னு. பசி உயிரு போகுது, சீக்கிரம் பாருங்க.”

டாக்டர் சிரித்தார். முப்பிடாதியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. டாக்டர் பேனாவை எடுத்து அட்டையில் குனிந்தார். அவர் என்ன எழுதுகிறார் என்று அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.